புறங்கை

குள்ளனேரியில் ஒருவரை ஒருவர் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்ற சேதி மின்சார ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் அது பழகிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைகள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தாலி கட்டவும், தாய்மார்கள் காய்ந்த கோணிச்சாக்கில் சுற்றிப் பிள்ளையைத் தூக்கவும், பங்காளிகள் அடித்துக்கொள்வதானால் மூங்கில் கழியால் மட்டும் அடித்துக்கொள்ளவும் கற்றுத் தேறியிருந்தார்கள். ஆகவே மீட்டரும் இடுக்கியுமாக ஜீப்பிலிருந்து இறங்கிய இரண்டு பேரிடம், "இப்ப எதுக்குங்க வந்தீங்க, எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டிருக்குது" என்று சொல்லி, டீ டம்ளரை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் தள்ளி நின்று, குடித்து முடித்ததும் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

பழகாதவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் பெயர் சாலம்மாள், அவளுக்கு ஒன்பது வயதில் சுபிக்ஷா என்று ஒரு மகள், அந்த மகளைத் தொட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது.

சாலம்மாளின் புருஷன் திம்மராயன் செத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குள்ளனேரியில் அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மலையடிவாரத்து ஊர் அது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற காலத்தில் காட்டுப்பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும், இறங்கினால் ஒரு இரவில் ஒரு கொல்லை காலி. அதனால் சென்னப்பரின் நாலு ஏக்கர் கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு கட்டுக்கம்பி ஓடியது, அதன் நுனி மோட்டார் கொட்டகைக்குள் போய் ஒரு பிளக்கில் முடிந்தது. சென்னப்பர் கொல்லையில் மட்டுமா ஓடியது? ஊரில் நிலம் வைத்திருந்த ஒவ்வொருவர் கொல்லையிலும் ஓடியது. பொழுது சாய்ந்தால் பிளக்கைச் செருக வேண்டும், விடிகாலை ஐந்து மணிக்குப் பிடுங்கிவிட வேண்டும். ஐந்துக்கு மேல் கம்பி செத்த கம்பி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சென்னப்பர் கொல்லையில் அந்த வேலையைச் செய்தவன் மாரப்பன், திம்மராயனின் கூடப்பிறந்த தம்பி.

அன்றைக்கு இராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கரண்டே இல்லாத கம்பிக்குப் பிளக்கை என்னத்துக்குப் பிடுங்குவது என்று மாரப்பன் புரண்டு படுத்தான். யாராயிருந்தாலும் புரண்டுதான் படுத்திருப்பார்கள், கரண்ட் போன இரவுகளில் ஊரே அப்படித்தான் புரண்டு படுத்தது. ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. ஆறு மணிக்குத் திம்மராயன் மடை திருப்ப வந்தான், வரப்பில் நனைந்த காலோடும் வாய்க்காலில் நனைந்த கையோடும் வந்தான், செத்த கம்பிதானே என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் தாண்டப் போனான்.

நான்கு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். "நெஞ்சு வலிக்குதுன்னாரு அண்ணி, அப்பிடியே சாஞ்சிட்டாரு" என்றான் மாரப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு. சாலம்மாள் அழுதாள், அழுதுகொண்டே குளிப்பாட்டினாள், குளிப்பாட்டும்போது அழுகை நின்றது. வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு, சாம்பல் நிறத்தில், ஓரம் தடித்து நடு பள்ளமாக, இரும்பைக் காய்ச்சி இழுத்த மாதிரி. இடது குதிகாலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு ஓட்டை, உள்ளேயிருந்து வெளியே வெடித்த ஓட்டை.

"இது என்னாது மாரப்பா?"

"முள்ளு குத்தியிருக்கும் அண்ணி."

"கையிலயும் முள்ளா? இப்பிடி வாய்க்கா வெட்டுன மாதிரி குத்துற முள்ளு எந்த மரத்துல காய்க்குது?"

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பதில் சொல்ல சென்னப்பர் இருந்தார். நல்லது கெட்டதுக்கு அவர்கள் தெருப் பக்கமே வராதவர், அன்று வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்து நின்று, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, எந்தச் சாவா இருந்தாலும் கடைசில நிக்கிறது நெஞ்சுதானே? காய்ச்சலோ கரண்டோ, நெஞ்சு நின்னாத்தான் சாவு. அப்ப நெஞ்சு நின்னு செத்தான்னு சொல்றதுல பொய் எங்க இருக்குது சொல்லு." சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இப்படிப் பார்த்தால் உலகத்தில் கொலை என்ற ஒன்றே கிடையாதே என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. மதியத்துக்குள் குழி வெட்டி, மதியத்துக்குள் மூடியாயிற்று.

அதற்குப் பிறகு பால் சொசைட்டி வாசலில் ஊர் கூடியது. எல்லார் கொல்லையிலும் கம்பி இருந்ததால் எல்லார் வயிற்றிலும் பயம் இருந்தது, ஒரு கொல்லைக்குப் போலீஸ் வந்தால் எல்லாக் கொல்லைக்கும் வரும். குள்ளனேரியில் எழுதி வாங்குகிற பழக்கம் கிடையாது. நிலம் கைமாறினாலும் பெண் நிச்சயமானாலும் ஒருவர் உள்ளங்கையை நீட்ட மற்றவர் அதில் ஓங்கி அடிப்பார், அடித்த சத்தம்தான் பத்திரம், அதை மீறினவன் குடும்பம் விளங்காது. அன்று சென்னப்பர் உள்ளங்கையை நீட்டினார். திம்மராயன் நெஞ்சுவலியில் செத்தான் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அடித்தார்கள். அடித்தவர்கள் வீட்டுக்குப் போய் மனைவியின் கையில் அடித்தார்கள், மனைவி மகள் கையில், மகள் பக்கத்து வீட்டுக்காரி கையில், மழை பிடித்த ஓடு மாதிரி ஊர் பூராவும் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

சாலம்மாளின் தெருவுக்கு அந்தச் சத்தியம் எப்படி வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். சென்னப்பர் மாரப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, "பிளக்கைப் புடுங்காதது யாரு? நானா?" என்று கேட்டுவிட்டு, பிறகு கையை நீட்டினார். இருபத்தாறு வருஷமாக மாரப்பனுக்குக் கஞ்சியையும் தண்ணீரையும் மேலேயிருந்தே ஊற்றிய கை, தெரியாமல் இடித்துவிட்டாலும் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற கை, முதல் தடவையாக அவன் தொடுவதற்காக நீண்டு நின்றது. மாரப்பன் அடித்தான். பயத்தில் அடித்தானா, பெருமையில் அடித்தானா என்று அவனுக்கே தெரியாது. அடித்த கையோடு தெருவுக்கு வந்தான், நாளைக்கு அதே கொல்லைகளில் களை எடுக்கப் போக வேண்டிய தெரு அவன் கையில் அடித்தது. சாலம்மாளிடம் மட்டும் யாரும் கையை நீட்டவில்லை. துக்கக்காரியிடம் எப்படிக் கேட்பது என்றார்கள். கேட்டால் தரமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பொழுது இறங்கியபோது வீட்டில் யாரும் இல்லை. சுபிக்ஷா சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காலையிலிருந்து ஒரு சொல் பேசாமல். "சுபி, இங்க வாடி" என்று சாலம்மாள் கையை நீட்டி மகளை மடிக்கு இழுத்தாள். இழுத்தது ஒரு கணம். மறுகணம் எதிர்ச் சுவரில் முதுகு மோத விழுந்து கிடந்தாள், நாக்கில் காசைக் கடித்த ருசி, வலது கை தோள் வரைக்கும் மரத்துப்போய், நெஞ்சுக்குள் ஒரு குருவி மாட்டிக்கொண்டு சிறகடிக்கிற மாதிரி. பிள்ளை கத்தவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்தது, பிறகு அவற்றைக் கொண்டுபோய்த் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

அன்று மாலை அதே நேரத்தில் ஊரில் முப்பது வீட்டிலாவது இப்படி விழுந்திருந்தார்கள். முதல் வாரம் அலறினார்கள், கோவிலில் பொங்கல் வைத்தார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். இரண்டாவது வாரம் வழி கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் ஒரே கரண்ட் என்றால் ஒருவரை ஒருவர் அடிக்கக் கூடாதே என்று பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி கேட்டதற்கு, ஆளாளுக்கு அளவு வேறு, எவன் எவ்வளவு ஓங்கி அடித்தானோ அவன் உடம்பில் அவ்வளவு ஓடுகிறது என்று டீக்கடையில் விளக்கம் சொன்னார்கள். எதில் ஓங்கி அடித்தது, எதற்காக அடித்தது என்பதைச் சொல்லாமலே விளக்கினார்கள்.

காய்ந்த மரம், ரப்பர், கோணி, பிளாஸ்டிக் வாளி ஆகியவை கரண்ட்டைக் கடத்தாது என்பதை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டினார்கள். கடைக்காரர் சாமானை முறத்தில் வைத்து நீட்டினார். பூசாரி திருநீற்றை ஒரு முழ உயரத்திலிருந்து போட்டார். முடிவெட்டுகிறவர் மரச்சீப்பும் ரப்பர் பிடி போட்ட கத்தரியுமாக, ஆளை ஸ்டூலில் உட்காரவைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஒருவர்தான். வேர்க்கிற காலத்திலும் மழைக் காலத்திலும் இரண்டடி இடைவெளியை நாலடி ஆக்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பழகினீர்கள் என்று ஆச்சரியப்பட்டாராம். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தொடாமல் கொடுப்பது, தொடாமல் வாங்குவது, தொட்டுவிட்டால் பதறுவது, டம்ளரைத் தனியாக வைப்பது, எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதெல்லாம் அந்த ஊருக்கு யாராவது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் செய்துகொண்டிருந்ததை வீட்டுக்குள்ளேயும் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கிழவர்கள் சிலர் ஒரு பக்கம் நல்லதுதான், ஊரில் ஒழுக்கம் திரும்பி வந்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள்.

பேச்சு வராத கைக்குழந்தைகள் யார் கையிலும் அடிக்கவில்லை, அதனால் அவற்றின் உடம்பில் கரண்ட் இல்லை. அவற்றைத் தூக்குகிறவர்கள் உடம்பில் இருந்தது. கோணிக்குள் கிடந்து அவை அழுதன. தோல் படாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் அழுகை வேறு மாதிரி இருந்தது, கூப்பிடுகிற அழுகையாக இல்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கிற அழுகையாக. அதற்கும் பழகினார்கள்.

புதன்கிழமை தோறும் ஊசிப் பெட்டியோடு வருகிற நர்சம்மா ரெஜினா வெளியூர்க்காரி, அவளைச் சாலம்மாளால் தொட முடிந்தது. முதல் தடவை அவள் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது சாலம்மாள் விடவே இல்லை. அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு கையில இருந்த கோடும் காலுல இருந்த ஓட்டையும் என்னா நர்சம்மா?"

ரெஜினா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கரண்ட் உள்ள வந்தா வெளிய போக வழி தேடும்மா. கையில நுழைஞ்சது, காலு வழியா மண்ணுக்குப் போயிருக்குது. ஈரக் கையின்னா தோலு தடுக்காது. நெஞ்சு இருக்குதே, அது துடிக்கிறதே ஒரு சின்னக் கரண்ட்லதான். வெளிய இருந்து பெருசா ஒண்ணு வந்தா அதுக்குத் தாளம் மறந்து போவும். துடிக்காது, நடுங்கும். நடுங்குற நெஞ்சு ரத்தத்தைத் தள்ளாது."

"கம்பியை விட்டிருக்கலாம் இல்ல? ஆளு கெட்டிக்காரரு, அதுவா தெரியாது?"

"விட முடியாதும்மா. கரண்ட் பட்டா சதை சுருங்கும், கையை மடக்குற சதைதான் விரிக்கிற சதையைவிட பலம். உள்ளங்கையில பிடிச்சா அதுவே கெட்டியா மூடிக்கும். விடணும்னு மனசு சொல்லும், கை கேக்காது."

சாலம்மாள் அன்று முழுக்க அதையே நினைத்தாள். அவன் விடப் பார்த்தான், கை கேட்கவில்லை. நெஞ்சுவலி என்று அடித்தவர்கள் அந்தக் கடைசி நிமிஷத்தையும் சேர்த்து அழித்துவிட்டார்கள், அவன் விடப் பார்த்தான் என்பதைக்கூட. மறுநாள் காலை டவுனுக்குப் பஸ் ஏறி, மனு எழுதுகிறவரிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து, சப்-கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். விசாரணைக்கு நாள் குறித்துத் தபால் வந்தது. தபால்காரர் அதைக் கவட்டைக் குச்சியில் செருகி நீட்டினார்.

நேரில் பார்த்த சாட்சி யார் என்று தபாலில் கேட்டிருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு அப்பனுக்குத் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவள் சுபிக்ஷா, திரும்பி வந்தபோது வாளி காலி, உடுப்பெல்லாம் டீ. சாலம்மாள் அறையின் இந்த மூலையில் உட்கார்ந்து அந்த மூலையில் இருந்த மகளிடம் கேட்டாள். கெஞ்சிக் கேட்டாள், மிரட்டிக் கேட்டாள். பிள்ளை தலையைத் தலையை ஆட்டியது. கடைசியில் சாலம்மாளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஊருதான் வாயை மூடிக்கிச்சுன்னா நீயுமாடி? உங்கப்பன் என்னா தெருநாயா, செத்தாப் பொதைச்சுட்டுப் போறதுக்கு?"

சுபிக்ஷாவின் முகம் கோணியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து பேசியது. "சொன்னா நீ செத்துடுவம்மா."

"யாருடி சொன்னது?"

"சித்தப்பா. மோட்டார் ரூமு பின்னால வச்சு. நெஞ்சுவலின்னு சொல்லணும், மாத்திச் சொன்னா உங்கம்மா செத்துடுவா, அடி சத்தியம்னாரு. அடிச்சேன். ரொம்ப ஓங்கி அடிச்சேம்மா, நீ சாவக்கூடாதுன்னு."

விக்கி விக்கி அழுகிற பிள்ளையை அள்ளி எடுக்க முடியாமல் சாலம்மாள் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் மற்றவர்கள் எல்லாம் பயத்துக்கு அடித்தார்கள், இவள் தன் தாய்க்காக அடித்திருக்கிறாள், அதனால்தான் இவள் உடம்பில் ஓடுகிற கரண்ட் சென்னப்பர் உடம்பில் ஓடுவதைவிட அதிகம். சத்தியம் என்பதெல்லாம் சும்மா என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் விவாதம் செய்து ஜெயிக்க முடியுமா? அப்பனைக் கண்ணெதிரே பறிகொடுத்த பிள்ளை, அம்மாவை வைத்துப் பந்தயம் கட்டுமா?

புதன்கிழமை ரெஜினாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கரண்ட் இருக்கிறதைத் தொட்டே ஆவணும்னா எப்பிடித் தொடணும்?"

"எதுக்குத் தொடணும்?" என்றாள் ரெஜினா. சாலம்மாளின் பார்வை மகள் இருந்த பக்கம் போனது. "எங்க வீட்டுக்காரரு வயர்மேன். சந்தேகம்னா உள்ளங்கையால தொட மாட்டாரு. பலகை மேல ஏறி நின்னுக்கிட்டு புறங்கையால தட்டிப் பாப்பாரு. கை மடங்குனா உள்பக்கமா வந்துடும், கம்பியில ஒட்டிக்காது. ஆனா இதெல்லாம் ஒரு தடவைக்கும்மா."

அன்று மாலை சாலம்மாள் மணைப் பலகையைக் காய்ந்த இடத்தில் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கையை முந்தானையில் ஈரம் போகத் துடைத்தாள். "இங்க வாடி. பக்கத்துல வா. பயப்படாத." பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றது. சாலம்மாள் வலது புறங்கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள். பளீரென்றது. கை தானாக மடங்கி நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது, பல் கிட்டியது, கண்ணில் பூச்சி பறந்தது. பலகையிலிருந்து விழாமல் நின்றாள்.

"செத்தேனா?"

"இல்ல."

"நாளைக்கும் பாக்கலாம்."

மறுநாளும் தொட்டாள். அதற்கு மறுநாளும். ஒரு நாள் வலது கை, ஒரு நாள் இடது கை. ஒரே ஒரு கணம், கன்னத்தின் அந்த மெத்துமெத்து, காதோரத்து எண்ணெய்ப் பிசுக்கு, அதற்குப் பின்னால் அந்த அடி. அந்த ஒரு கணத்துக்காக நாள் முழுக்கக் காத்திருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், சத்தியத்தை உடைப்பதற்காக மட்டும் தொட்டாள் என்று சொன்னால் அது பாதிதான். தெருக்காரிகள் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். "அடியே சாலா, ஒனக்குப் பைத்தியமா? எங்களப் பாரு, நாங்க இல்ல? புள்ளைய விட்டுட்டு வேலையப் பாரு" என்றார்கள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒங்க பவிசை" என்றாள் சாலம்மாள்.

பிள்ளையும் லேசுப்பட்டதல்ல. "தொட்டா சாவலம்மா, சரி. ஆனா சொன்னாத்தானே நீ சாவேன்னாரு?" என்று பத்தாவது நாள் கேட்டது.

"கம்பி மாதிரி உன் ஒடம்புல ஓடுறதை நெதம் வாங்குறேன், அதுக்கே சாவாதவ, ஒம் பேச்சுக்கா செத்துடுவேன்?"

சுபிக்ஷா அதை யோசித்தது. இன்னும் பன்னிரண்டு நாள் யோசித்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் சாலம்மாள் கையிலிருந்து டம்ளர்கள் நழுவ ஆரம்பித்தன. ஒரு நாள் அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, விரல் நுனியில் கொப்புளம் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை பக்கத்தில் வராது.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. சப்-கலெக்டர் இளவயதுக்காரர், மேசைக்குப் பின்னால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார், கரண்ட் இல்லாததால் விசிறி நின்றிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில். ஊர் ஒவ்வொருவராக வந்து நான்கடி தள்ளி நின்று சொன்னது: நெஞ்சு வலிங்க. நெஞ்சு வலிதானுங்க. நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்தாருங்க. கையெழுத்துப் போடவேண்டிய தாள் மர ஸ்கேலின் நுனியில் போய் மர ஸ்கேலின் நுனியில் வந்தது. நாற்பத்தோராவது ஆளாகச் சுபிக்ஷாவைக் கூப்பிட்டார்கள். சாலம்மாள் கூடவே எழுந்தாள். "சாட்சி சொல்லி முடிக்கிறவரைக்கும் நீங்க பக்கத்துல வரக்கூடாதும்மா" என்றார் சப்-கலெக்டர்.

பிள்ளை வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் போய் நின்றது. மாரப்பனைப் பார்க்கவில்லை, சென்னப்பரைப் பார்க்கவில்லை, சாலம்மாளை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, ஏதாவது ஆனால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது.

"எங்கப்பா கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. நான் அப்பான்னு கூப்ட்டேன். திரும்பல. ஒடம்பு ஆடிக்கிட்டே இருந்துச்சு. விடவே இல்ல. சித்தப்பா ஓடிப் போயி பிளக்கப் புடுங்குனாரு. அப்பறந்தான் விட்டாரு."

நின்றிருந்த மின்விசிறி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சிமெண்டுத் தரை வெதுவெதுப்பாக ஆனதை எல்லோரும் உள்ளங்காலில் உணர்ந்தார்கள். சுபிக்ஷா "ஸ்ஸ்" என்று இடது காலைத் தூக்கியது. குதிகாலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு புண், உள்ளேயிருந்து வெளியே வெடித்த புண். பிறகு அது தன் தாயைப் பார்த்தது. தாய் உயிரோடுதான் நின்றாள்.

மாரப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான்தான் சார் பிளக்கப் புடுங்கல. கரண்ட் இல்லியேன்னு தூங்கிட்டேன். எங்கண்ணனை நான்தான் சார்…" என்று அவன் வாயைத் திறந்ததும் அவன் குதிகாலும் வெடித்தது. "சென்னப்பருதான் சார் சத்தியம் வாங்குனாரு, கம்பி அவருது சார்."

இனி நடந்ததைத்தான் யாரும் பெரிய அதிசயம் என்று சொல்வதில்லை. ஒரு போலீஸ்காரர் மாரப்பனின் தோளில் கை வைத்தார். அவன் உடம்பில் கரண்ட் இல்லை, அதனால் வைக்க முடிந்தது. மற்றவர் சென்னப்பரின் மணிக்கட்டைப் பிடிக்கப் போய், கரும்பலகையில் மோதி விழுந்தார். எழுந்து மறுபடி போனார், மறுபடி விழுந்தார். சென்னப்பர் எதிர்க்கவில்லை, இரண்டு கையையும் தாராளமாக நீட்டிக்கொண்டு நின்றார்.

"கழியால தள்ளிக்கிட்டுப் போங்களேன் சார்" என்றாள் சாலம்மாள். "கோணியப் போட்டுப் பிடிங்க. ஊரே அப்பிடித்தானே நாலு மாசமா ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்குது."

சப்-கலெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "கைதுன்னா உடம்பைத் தொட்டுத்தாம்மா பண்ணணும். விதி அப்படி. மேலே கேட்டு எழுதறேன்."

"அப்ப பொய் சொன்னவங்களத் தொட முடியாது, உண்மை சொன்னவனை மட்டும் தொடலாம். அதானே சார் விதி?"

அவர் தாள்களை அடுக்கிக் கட்ட ஆரம்பித்தார். அதுதான் விதி என்று சாலம்மாளுக்குத் தெரிந்தது, ஊர்க்காரர்களுக்கும் தெரிந்தது. அவர்கள் நின்ற இடத்திலேயே ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லிவிட்டால் தொடலாம், தொட்டால் பிடிப்பார்கள். ஒரு பெண் மட்டும், கோணியில் கைக்குழந்தை வைத்திருந்தவள், வாயைத் திறந்து, புருஷன் முறைத்ததும் மூடிக்கொண்டாள். பிறகு நாலடி நாலடி இடைவெளி விட்டு, ஒழுங்காக, வரிசையாக வெளியே போனார்கள். ஜீப்பில் ஏறும்போது மாரப்பன் திரும்பிப் பார்த்து, "அண்ணி" என்றான். சாலம்மாளுக்கு அவனைத் திட்டவும் வரவில்லை, அழவும் வரவில்லை. "குதிகாலுக்கு மருந்து போடச் சொல்லு" என்றாள்.

வகுப்பறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். சுபிக்ஷா ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கையை நீட்டியது, இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் ஒளிக்காமல். சாலம்மாள் பழக்கத்தில் முதலில் புறங்கையை நீட்டினாள், பிறகு அதைத் திருப்பினாள், உள்ளங்கையால் மகளின் உள்ளங்கையைப் பிடித்தாள். அடி விழவில்லை. அடி மட்டுமா, எதுவுமே இல்லை. பிள்ளையின் கைச் சூடு இல்லை, வேர்வை இல்லை, கூழாங்கல் மாதிரி இருக்கும் அந்தச் சின்ன முட்டிகள் இல்லை. காற்றைப் பிடித்த மாதிரி இருந்தது. இன்னும் இறுக்கினாள். குனிந்து பார்த்தாள். தன் விரல்கள் அந்த விரல்களைச் சுற்றி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. மகளை இழுத்து அணைத்து, கன்னத்தை அவள் தலையில் வைத்து, அங்கே எண்ணெய் வாசனை வந்ததும்தான் அழுதாள்.

நொண்டுகிற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பக்கக் கொல்லையில் யாரோ அடுத்த போகத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், கை நழுவி பிள்ளை பின்தங்கிவிட்டதோ என்று பயம் வந்தது.

"சுபி, புடிச்சிருக்கேனா?"

"ம்."

"கெட்டியாவா?"

"கெட்டியாத்தாம்மா. வலிக்குது."

"அப்ப லேசா விடட்டுமா?"

"வேணாம்" என்றது பிள்ளை. "விடாத."